காது தொட்ட வயது

அம்மாசிக்கு என்ன வயது என்று கல்லோடையில் யாரைக் கேட்டாலும் சட்டென்று பதில் வராது. முதலில் ஒரு சிரிப்பு வரும். பிறகு, "எந்தக் கணக்குல கேக்கற? கோர்ட்டு கணக்குலயா, அவங்கம்மா கணக்குலயா?" என்று நம்மையே திருப்பிக் கேட்பார்கள். தலை நரைத்த ஒரு மனிதனுக்கு இதைவிட மானக்கேடு வேறென்ன வேண்டும்? அதிலும், அந்தக் கேள்விக்கு வித்திட்டவன் அவனேதான் என்னும்போது.

கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்குப் போகும் பேருந்து, மலை ஏறுவதற்கு முன்னால் நின்று ஆள் ஏற்றிக்கொள்ளும் அடிவாரத்து ஊர்களில் கல்லோடையும் ஒன்று. பேருக்கு ஏற்றபடி கல் உண்டு, ஓடை இல்லை. அங்கே காசியம்மாளுக்குக் கல்யாணமாகிப் பத்து வருடம் கழித்துப் பிறந்த ஒரே பிள்ளை அம்மாசி. ஒரு கார்த்திகை மாதத்து அமாவாசையில் பிறந்தான். அதனால்தான் அந்தப் பேர். அப்பன் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டார். தாயும் பிள்ளையுமாக வளர்ந்த வீடு அது.

அந்தக் காலத்தில் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் பிறந்த தேதியெல்லாம் கேட்கமாட்டார்கள். எந்த அம்மாவுக்குத் தேதி தெரியும்? பிள்ளை வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொட வேண்டும். தொட்டுவிட்டால் ஐந்து வயது முடிந்தது என்று கணக்கு. அம்மாசி குள்ளம், கையும் கட்டை. ஐந்தரை வயதில் அம்மா கூட்டிக்கொண்டு போனாள், எட்டவில்லை. அடுத்த வருடம் போனாள், அப்போதும் எட்டவில்லை. ஏழரை வயதில், கழுத்தைக் கோழி மாதிரிச் சாய்த்துக்கொண்டு, நடுவிரல் நுனியால் காதைத் தொட்டான். வாத்தியார், "தொட்டுட்டான்" என்று சொல்லி, அன்றைக்கு ஐந்து வயது முடிந்ததாகக் கணக்குப் போட்டு, பிறந்த தேதி 1-6-1964 என்று பதிவேட்டில் எழுதினார். அந்த வகுப்பில் இருந்த அத்தனை பிள்ளைகளும் ஜூன் ஒன்றாம் தேதி பிறந்தவர்கள்தான். கல்லோடைப் பெண்கள் எல்லோரும் பேசி வைத்துக்கொண்டு ஒரே நாளில் பிரசவித்தது போல.

இரண்டரை வருடம் அப்படிக் காணாமல் போனது. யாரும் அதைத் தேடவில்லை. தேட வேண்டிய அவசியமும் வரவில்லை.

அம்மாசியின் தாத்தா, பேரன் பேரில் முக்கால் ஏக்கர் மானாவாரி நிலத்தை எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தார். கல்லும் கற்றாழையும் போக மிச்சம் இருந்தால் நிலம். இருபது வயதில் அம்மாசிக்கு ஜீப் ஆசை வந்தது. வெள்ளிமலைக்கு ஆள் ஏற்றும் ஒரு பழைய ஜீப்பில் பங்கு கிடைக்கிறது என்றதும் தரையில் கால் பாவவில்லை. நிலத்தை விற்றே ஆக வேண்டும் என்று நின்றான். வாங்க வந்தவர் சடையன்.

சடையன் கிணறு வெட்டுகிறவர். அடிவாரத்து ஊர்களில் அவர் வெட்டிய கிணறுகள் முப்பதுக்கு மேல் இருக்கும். சொந்தமாக நிற்க ஒரு முழம் மண் இல்லை. அவர் உள்ளே உடைப்பார், மனைவி கொளஞ்சியம்மாள் மேலே மண் இழுத்துக் கொட்டுவாள். அப்படிச் சேர்த்ததைக் கொண்டு, 1982ஆம் வருடம் தை மாதத்தில், அந்த முக்கால் ஏக்கரைக் கிரயம் செய்துகொண்டார்கள். ரிஜிஸ்தர் ஆபீசில் அதிகாரி கண்ணாடி வழியாகப் பார்த்து, "வயசு என்ன?" என்று கேட்டார். "இருபதுங்க" என்று அம்மாசி நெஞ்சை நிமிர்த்திச் சொன்னான். பத்திரத்திலும் அப்படியே எழுதியிருந்தது. எழுதியது நிஜம், சொன்னதும் நிஜம்.

ஜீப் மூன்று வருடம் ஓடியது. ஒரு மழைக்காலத்தில் கரியாலூருக்குக் கீழே ஒரு வளைவில் கவிழ்ந்தது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஜீப்புக்கு எல்லாம் ஆகிவிட்டது. அம்மாசி ஊருக்குத் திரும்பி வந்து கரும்பு வெட்டப் போனான். அதற்குள் கல்யாணம் முடிந்து தைலம்மாள் வீட்டுக்கு வந்திருந்தாள். மலர்க்கொடி என்று ஒரு பெண் குழந்தையும் பிறந்தது.

இந்தப் பக்கம் சடையனும் கொளஞ்சியம்மாளும் பகலெல்லாம் ஊரார் கிணற்றில் கூலிக்கு உடைத்துவிட்டு, பொழுது சாயும் வரைக்கும் தங்கள் நிலத்தில் உடைத்தார்கள். ஏழு வருடம். முப்பதடியில் பாறை வந்தபோது ஊர் சிரித்தது. நாற்பத்திரண்டாவது அடியில், ஒரு வைகாசி மாதம், பாறையின் ஒரு மூலையிலிருந்து தண்ணீர் பீச்சி அடித்தது. ஊரே பார்க்க ஓடியது. அம்மாசியும் போனான். எட்டிப் பார்த்தான். எல்லோரும் "அடேயப்பா" என்றார்கள். அவனுக்கு மட்டும் வயிறு எரிந்தது. தாத்தா எனக்குக் கொடுத்த தண்ணீர் என்று அவன் மனசு சொன்னது. தாத்தா கொடுத்தது கல் மட்டும்தான் என்று அதே மனசுக்குத் தெரியவும் தெரியும்.

அந்த எரிச்சலோடு அவன் கள்ளக்குறிச்சிக்குப் போன ஒரு நாளில், கோர்ட்டுக்கு எதிரே இருந்த டீக்கடையில் நாராயணசாமியிடம் வாயைக் கொடுத்தான். நாராயணசாமி ஒரு வக்கீலுக்குக் குமாஸ்தா. கதையைக் கேட்டுவிட்டு, டீயை வைத்துவிட்டு, விரல் மடக்கிக் கணக்குப் போட்டார்.

"இஸ்கூல் சர்டிபிகேட்டுல இன்னா தேதி?"

"ஜூன் ஒன்னு, அறுவத்தி நாலுங்க."

"கிரயம் எண்பத்திரண்டு தை. அப்ப உனக்குப் பதினேழு வயசு, ஏழு மாசம். நீ மைனருடா! பதினெட்டு முடியாதவன் எழுதிக் குடுத்தது வெத்துக் காயிதம். அவனுக்கு இன்னா எழுதறோம்னு புரிஞ்சிக்கற பக்குவம் கெடையாதுன்னு சட்டமே சொல்லுது."

"எனக்கு நல்லாப் புரிஞ்சிதானங்க குடுத்தேன். நெசத்துல அப்ப எனக்கு இருபது."

நாராயணசாமி சிரித்தார். "உனக்குப் புரிஞ்சிதா இல்லியான்னு யாரும் கேக்கப் போறதில்ல. தேதிதான் பேசும். வாங்குன கிரயத்த திருப்பிக் கட்டச் சொல்லுவாங்க, கட்டிட்டுப் போ. கெணத்தோட நெலம் வரும்."

அந்த இடத்தில் எழுந்து வந்திருக்க வேண்டும். டீக்குக் காசு கொடுத்துவிட்டு, "வேணாங்க, பாவம்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. அம்மாசி உட்கார்ந்திருந்தான். இன்னொரு டீயும் சொன்னான்.

வழக்கு நான்கு வருடம் நடந்தது. சடையன் தரப்பு வக்கீலும் லேசுப்பட்டவர் அல்ல. பழைய பஞ்சாங்கம் ஒன்றைக் கொண்டுவந்து, "உன் பேர் அம்மாசி. அமாவாசையில பிறந்ததால வெச்ச பேர்தானே? 1964 ஜூன் ஒன்னாம் தேதி அமாவாசையே இல்லையே, பௌர்ணமி கழிஞ்சு ஆறாம் நாளாச்சே?" என்று கேட்டார். அம்மாசி கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு, "எங்க பாட்டன் பூட்டன் பேருங்க அது" என்றான். முழுப் பூசணிக்காய். அவன் வம்சத்தில் அம்மாசி என்று வேறு யாரும் இருந்ததில்லை.

அடுத்து அவர்கள் காசியம்மாளையே சாட்சிக்கு அழைத்தார்கள். பெற்றவள் பிள்ளைக்கு எதிராக எங்கே பேசப் போகிறாள் என்று அம்மாசி நம்பியிருந்தான். இருந்தாலும் முதல் நாள் வீட்டில், "சர்டிபிகேட்டுல இருக்கறதுதான் சரின்னு சொல்லும்மா. அது போதும்" என்று சொல்லி வைத்தான். அவள் முறத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். "கேட்டா, தெரிஞ்சத சொல்றேன்" என்றாள். அதை அவன் சரி என்ற பதிலாக எடுத்துக்கொண்டான்.

கூண்டில் ஏறி அவள் தெரிந்ததைச் சொன்னாள். ஒளிவு மறைவு இல்லாமல் சொன்னாள்.

"அமாவாசையில பொறந்தான் சாமி. கார்த்திக மாசம். கோமுகி அணை கட்டறதுக்கு நான் கல்லு சொமக்கப் போனப்ப இவன் என் பின்னாலயே நடந்து வருவான். சொம்புல தண்ணி எடுத்தாந்து குடுப்பான். இஸ்கூல்ல ரெண்டு தபா திருப்பி அனுப்பிட்டாங்க. கை எட்டல. மூணாவது தபாதான் எட்டிச்சு. அப்ப இவனுக்கு ஏழு வயசுக்கு மேல."

எங்கே எட்ட வேண்டும் என்று காட்ட, அவள் தன் கையையே தலைக்கு மேல் தூக்கிக் காதைத் தொட்டுக் காட்டினாள். கோர்ட்டில் சிலர் சிரித்தார்கள். சடையன் சிரிக்கவில்லை, சுவரோரம் நின்று அவளைக் கும்பிட்டார்.

அம்மாசியின் வக்கீல் எழுந்தார். இன்று என்ன தேதி என்று கேட்டார். "வெள்ளிக்கெழம" என்றாள். இது என்ன வருடம்? தெரியவில்லை. "உனக்கு என்ன வயசும்மா?" என்றதற்கு, "அறுவது இருக்கும். அம்பத்தஞ்சும் இருக்கும்" என்றாள். மறுபடி சிரிப்பு. தன் வயதே தெரியாதவளுக்குப் பிள்ளை வயது எப்படித் தெரியும் என்று வக்கீல் கேட்டார். கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. பிள்ளை வயது தெரியாத தாய் உண்டா என்று திருப்பிக் கேட்க அங்கே ஆள் இல்லை.

அது போதாதென்று, அடுத்த வாய்தாவில் அம்மாசியை மறுபடி கூண்டில் ஏற்றினார்கள். நாராயணசாமி வாசலிலேயே சொல்லிக் கொடுத்திருந்தார். அம்மாசி அதை அப்படியே ஒப்பித்தான்.

"எங்கம்மாவுக்கு நாலஞ்சு வருசமா புத்தி சுவாதீனமா இல்லீங்க ஐயா. தானா பேசிக்கும். மாட்டாண்ட பேசும். சொல்லாம கொள்ளாம மலைக் கோயிலுக்குப் போயிட்டு ஒரு வாரம் கழிச்சு வரும். இன்னா சொல்றோம்னு அதுக்கே தெரியாதுங்க."

மாட்டோடு பேசாத ஆள் கல்லோடையில் யார்? மலைக் கோயிலுக்கு அவள் போனது அவன் ஜீப் கவிழ்ந்து உயிர் தப்பியதற்கு வேண்டுதல் செலுத்த. பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்பார்கள். அம்மாசி அந்தப் பழமொழியைக் கோர்ட்டில் பதிவே செய்துவிட்டான்.

சொல்லி முடித்துத் திரும்பியபோது, கதவோரம் காசியம்மாள் நின்றிருந்தாள். அன்றைக்கு அவளை யாரும் வரச் சொல்லவில்லை. பிள்ளை காலையில் சாப்பிடாமல் வந்துவிட்டான் என்று தூக்கில் கூழ் கொண்டு வந்திருந்தாள்.

திரும்பிப் போகும் பேருந்தில் அவனுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். நடத்துநர் வந்து, "எங்க போவணும்மா?" என்றார். அவள் நிதானமாக, கோபமே இல்லாமல், "எம்புள்ளய கேளுப்பா. எனக்கு புத்தி சரியில்ல" என்றாள்.

அன்றைக்கு ஆரம்பித்தது. அதற்குப் பிறகு அவள் எதற்கும் பதில் சொல்லவில்லை. பேசாமலும் இல்லை, மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவாள், பேத்திக்குத் தலை வாருவாள், களி கிண்டுவாள். ஆனால் எதையாவது முடிவு சொல்லும்படி கேட்டால் போதும், அந்த வாசகம் வரும். பக்கத்து வீட்டுக்காரி கறிவேப்பிலை கிள்ளிக்கொள்ளட்டுமா என்று கேட்டால், "எம்புள்ளய கேளு. எனக்கு புத்தி சரியில்ல." உப்பு போதுமா என்று தைலம்மாள் கேட்டால், அதே பதில். முதியோர் பென்ஷனுக்கு மனு எழுதி, கைநாட்டு வைக்கச் சொன்னபோது, "புத்தியில்லாதவ கைநாட்டு செல்லாதுங்களே" என்று விரலை மடக்கிக்கொண்டாள். மனு எழுத வந்தவர் ஏதோ தமாஷ் என்று சிரித்தார். அம்மாசி எழுந்து கொல்லைப்பக்கம் போனான். போய் என்ன செய்ய? அங்கே மாடு நின்றது. அதோடும் அவனால் பேச முடியவில்லை.

தீர்ப்பு அவன் பக்கம் வந்தது. சர்டிபிகேட் என்பது எழுத்து, மற்றதெல்லாம் வாய்ப்பேச்சு. வாங்கிய கிரயத்தை அவன் திருப்பிக் கட்டினான். நாற்பத்திரண்டு அடிக்கு எந்தத் தீர்ப்பிலும் கணக்கு இல்லை.

நிலத்தை விட்டுப் போகிற நாளில் கொளஞ்சியம்மாள் மண்ணை வாரித் தூற்றுவாள் என்று ஊர் கூடி நின்றது. அவள் குனியவில்லை. அவனிடம் நேராக வந்தாள்.

"தம்பி, ஒன்னே ஒன்னு கேட்டுக்கறேன். ரிஜிஸ்தர் ஆபீசுல வயசு இன்னான்னு கேட்டப்ப, இருபதுன்னு நீதான சொன்ன?"

அவன் கற்றாழையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவள் ஒரு குடம் தண்ணீர் மொண்டு இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள். சடையன் முன்னமே போய்விட்டிருந்தார். கள்ளக்குறிச்சியில் கருணாபுரத்தில் ஒரு வாடகை வீட்டுக்குக் குடிபோனார்கள் என்று பிற்பாடு தெரிந்தது. இன்னொருவர் கிணற்றில் உடைத்துக்கொண்டிருந்தபோது கல் சரிந்து சடையன் இறந்தார் என்பதும் பிற்பாடு தெரிந்தது.

பாவத்துக்குக் கூலியாகக் கிணறு வற்றிவிட்டது என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். வற்றவில்லை. கோடையிலும் வற்றவில்லை. கரும்பு ஆளுயரம் வளர்ந்தது. வற்றியிருந்தால் அம்மாசிக்கு ஒரு வகையில் ஆறுதலாக இருந்திருக்கும்.

வற்றியது வேறு. ஊரில் அவன் வாக்கு வற்றிப்போனது. ஆரம்பத்தில் விளையாட்டுப் போலத்தான் இருந்தது. டீக்கடையில் கடன் சொன்னால், "மைனருக்குக் கடன் குடுத்தா வசூலாவாதே" என்று சிரித்துக்கொண்டே கொடுத்தார்கள். பிறகு சிரிப்புக் குறைந்தது. சந்தையில் மாடு பிடிக்கப் போனான். அங்கே விலையை வாயால் பேசமாட்டார்கள். கையின் மேல் துண்டைப் போட்டு, உள்ளே விரலைப் பிடித்துப் பேசுவார்கள். பிடித்த விரல்தான் பத்திரம், மீறினவனை அப்புறம் யாரும் சந்தையில் சேர்க்கமாட்டார்கள். அம்மாசி துண்டுக்குள் கை நீட்டினான். தரகர் பழனி அவன் விரலைத் தொட்டவுடன் ஆளைப் பார்த்தார், கையை வெளியே இழுத்துக்கொண்டார்.

"உங்க வூட்டுல பெரியவங்க யாராவது இருந்தா கூட்டினு வா அம்மாசி."

நக்கலாகக்கூடச் சொல்லவில்லை. சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார். அம்மாசிக்கு அப்போது முப்பத்தைந்து. துண்டு அவன் கை மேலேயே கிடந்தது.

கள்ளக்குறிச்சி கடைவீதியில் காய்கறி மண்டி வைக்க ஒரு கடையை வாடகைக்குக் கேட்டபோது, கடைக்காரர் முகம்மது கவுஸ் மரியாதையாகவே நடந்துகொண்டார். டீ வரவழைத்தார். "தப்பா நெனச்சிக்காதீங்க. அக்ரிமென்ட் உங்க சம்சாரம் பேருல போட்டுக்கலாம். அதுதான் எனக்கும் நிம்மதி" என்றார். அம்மாசி டீயை முழுக்கக் குடித்துவிட்டுத்தான் எழுந்தான். பாதியில் வைத்துவிட்டு வருகிற ரோஷம்கூட அவனிடம் மிச்சம் இல்லை. கடை தைலம்மாள் பேரில் வந்தது. அவன் வீட்டில் ஒருத்தர் குழந்தை, ஒருத்தர் பைத்தியம். தைலம்மாள் ஒருத்திதான் ஊர் மதிக்கிற ஆள்.

இப்படியே பதினைந்து வருடம். மலர்க்கொடிக்கு மாப்பிள்ளை அமைந்தது. நல்ல இடம், பையன் மின்வாரியத்தில் வேலை. 2009 தை மாதம் வீட்டிலேயே நிச்சயம் வைத்தார்கள். மாப்பிள்ளைக்குத் தாய்மாமன் பொன்னுரங்கம் தட்டு வாங்க உட்கார்ந்தார். வெற்றிலை, பாக்கு, தேங்காய், பூ, மஞ்சள் எல்லாம் அடுக்கிய தட்டை அம்மாசி இரண்டு கையாலும் ஏந்தி நீட்டினான். பெண்ணைக் கொடுக்கிறோம் என்ற வாக்கு அந்தத் தட்டில்தான் இருக்கிறது.

பொன்னுரங்கம் கையை நீட்டவில்லை.

"சம்மந்தி மனசுல ஒன்னும் வெச்சிக்கக் கூடாது. மூத்தவங்க இருக்கறாங்களே. உங்கம்மா கையால குடுக்கட்டும். நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாது பாருங்க."

வந்தவர்கள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். விஷயம் தெரியாதவர் யாரும் அங்கே இல்லை. தட்டு கனத்தது. அம்மாசி, "அம்மா, வாம்மா" என்று கூப்பிட்டான்.

மூலையில் உட்கார்ந்திருந்த காசியம்மாள் தலை நிமிர்ந்தாள். "நானா? எனக்கு புத்தி சரியில்லீங்களே" என்று பொன்னுரங்கத்தைப் பார்த்துச் சொன்னாள். முட்டி வலிக்கிறது என்று சொல்வது போலத்தான் சொன்னாள். "எம்புள்ள கோர்ட்டுல சொல்லி, எழுதி வெச்சிக்கினாங்க. நான் வாக்கு குடுத்தா செல்லாதுங்க."

உள்ளே கதவுக்குப் பின்னால் பட்டுப்புடவையோடு மலர்க்கொடி நின்றிருந்தாள். அவள் வளையல் சத்தம் நின்றுபோனது. அம்மாசிக்கு அந்தச் சத்தம் நின்றதுதான் கேட்டது. தட்டைக் கீழே வைத்தான். கூண்டில் பொய் சொன்னபோது வராத நடுக்கம், நிஜத்தைச் சொல்ல வாயெடுத்தபோது வந்தது.

"எங்கம்மாவுக்குப் புத்தி சரியாத்தான் இருக்குது. எப்பவுமே சரியாத்தான் இருந்துச்சு. நான்தான் பொய் சொன்னேன். நெலத்த வித்தப்ப எனக்கு இருபது வயசு. எல்லாம் தெரிஞ்சிதான் வித்தேன்."

காசியம்மாள் மூலையிலிருந்தே சொன்னாள்.

"இந்த வூட்டுக்குள்ள என் புத்தி சரியாயிட்டா போதுமா? எங்க கெட்டுதோ அங்க சரியாவணும்."

பொன்னுரங்கம் விவரமான மனிதர். எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "பொண்ண எங்களுக்குப் புடிச்சிருக்குது. பெரியம்மா எப்ப தட்டு குடுக்கறாங்களோ அப்ப வந்து வாங்கிக்கறோம்" என்று சொல்லிவிட்டுப் போனார். சமைத்த சாப்பாட்டில் பாதி அப்படியே இருந்தது.

அம்மா கேட்டது நிலத்தைத் திருப்பிக் கொடுப்பதைத்தான் என்று அம்மாசிக்குப் புரிந்தது. தைலம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். கல்யாணச் செலவுக்கு நம்பியிருந்ததே அந்தக் கரும்பைத்தான். "பொண்ண கட்டிக் குடுக்கறதுக்கு நெலத்தயும் குடுக்கணுமா?" என்று இரண்டு நாள் கேட்டாள். மூன்றாம் நாள் கேட்கவில்லை. அம்மாசி நான்காம் நாள் கருணாபுரம் போனான்.

கொளஞ்சியம்மாள் மார்க்கெட்டில் கூட்டிப் பெருக்கும் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் போனபோது குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவனைக் கண்டதும் அடையாளம் தெரிந்தது, எழுந்திருக்கவில்லை. அவன் நின்றபடியே சொன்னான். நிலத்தை அவள் பேருக்கு எழுதித் தந்துவிடுகிறேன் என்றான்.

அவள் குடத்தைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தாள்.

"கெணத்துல தண்ணி இருக்குதா?"

"இருக்குதுக்கா."

"அது வத்தாதுன்னு அவரு சொன்னாரு." குழாயில் தண்ணீர் வருகிறதா என்று எட்டிப் பார்த்தாள். "நீ எழுதிக் குடுத்தா செல்லாது தம்பி. ஒருவாட்டிதான் எழுதிக் குடுத்தியே. உங்கம்மா வந்து சாட்சி நிக்கட்டும். அன்னிக்கு அந்தக் கூட்டத்துல நெசம் சொன்னது அவங்க ஒருத்தங்கதான்."

மறுத்துச் சொல்ல அவனுக்கு என்ன யோக்கியதை? குழாயடிப் பெண்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கேட்கட்டும் என்று நின்றான்.

அடுத்த வாரம் ரிஜிஸ்தர் ஆபீசுக்கு மூன்று பேரும் போனார்கள். இருபத்தேழு வருடத்துக்கு முன்னால் நெஞ்சை நிமிர்த்தி நின்ற அதே வாசல். பத்திரத்தில் எழுதிக் கொடுப்பவர் வயது நாற்பத்து நான்கு என்று இருந்தது. சாட்சி இடத்தில் காசியம்மாள் பேர். அதிகாரி, வயதான பெண்ணாயிற்றே என்று கொஞ்சம் உரக்கவே கேட்டார்.

"இவர் யாரும்மா?"

"எம்புள்ள."

"இங்க எதுக்கு வந்திருக்கீங்கன்னு தெரியுதா?"

பதினைந்து வருடமாகக் கேட்ட அந்த வாசகம் இப்போதும் வந்துவிடுமோ என்று அம்மாசி பயந்தான். காசியம்மாள் கொளஞ்சியம்மாளை ஒரு தரம் பார்த்தாள்.

"தெரியும் சாமி. இந்தப் பொண்ணும் அவ புருசனும் வாங்குன நெலத்த எம்புள்ள ஏமாத்திப் புடிங்கிக்கினான். அத்த திருப்பிக் குடுக்கறான். அவனுக்கு நாப்பத்தேழு வயசு. நாப்பத்தி நாலுன்னு போட்டிருக்கறது தப்பு."

அதிகாரி அம்மாசியைப் பார்த்தார். பின்னால் வரிசையில் நின்றவர்களும் பார்த்தார்கள். அடையாளக் கார்டில் இருக்கிற வயதைத்தான் போட முடியும் என்று அதிகாரி மெதுவாகச் சொன்னார். "போட்டுக்குங்க. நான் சொல்லிட்டேன்" என்று காசியம்மாள் கட்டைவிரலை நீட்டினாள். மை தடவினார்கள். அழுத்தி வைத்தாள்.

வெளியே வந்ததும் கொளஞ்சியம்மாள் அவளுடைய மை விரலைப் பிடித்துத் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள். அம்மாசியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பத்திர ரசீதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு கருணாபுரம் பக்கமாக நடந்து போனாள்.

வெள்ளிமலைப் பேருந்தில் தாயும் பிள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். பேருந்து கிளம்பியது. நடத்துநர், சின்ன வயசுப் பையன், கிட்டே வந்து, "எங்க ஆயா போவணும்?" என்றார். அம்மாசி பழக்கத்தில் வாயைத் திறந்தான். அதற்குள் காசியம்மாள் முந்தானை முடிச்சை அவிழ்த்துவிட்டிருந்தாள்.

"கல்லோடை ரெண்டு குடு. எனக்கு ஒன்னு, எம்புள்ளைக்கு ஒன்னு. ரெண்டும் முழு டிக்கெட்டு."

நடத்துநர், நரைத்த தலையோடு உட்கார்ந்திருந்த பிள்ளையைப் பார்த்துச் சிரித்துவிட்டார். "அது பாத்தாலே தெரியுது ஆயா" என்று சொல்லி இரண்டு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். அவள் ஒன்றை அம்மாசியின் கையில் வைத்தாள். அவன் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, பேருந்து கல்லோடையில் நிற்கும் வரைக்கும் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தான்.